டீ குடிக்கப் போன நாலு நிமிஷம்

மைக்கைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்காதீர்கள். எந்த மைக் நல்லது, அதை எவ்வளவு உயரத்தில் கட்டுவது என்பதெல்லாம் உங்கள் போனிலேயே கிடைக்கிறது. அது என்னைவிடத் தெளிவாகச் சொல்லும், நடுவில் பழங்கதை பேசாது. ஒலிப்பதிவுத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான், நான் எங்கெங்கே கோட்டை விட்டேன் என்பது. அந்தப் பட்டியலே பெரியது. அதில் முதலிடத்தில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். இதில் மிஷின் ஒரு தப்பும் செய்யவில்லை. மிஷின் மேல் பழி போட வழி இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

தாம்பரத்தில் முப்பது வருஷம் இந்தத் தொழில் செய்தேன். மைக் செட்டில் ஆரம்பித்து, சபாக் கச்சேரி, மெல்லிசை, கட்சிக் கூட்டம், பள்ளி ஆண்டு விழா என்று எது வந்தாலும் பதிவு செய்தேன். கட்சி பேதம் பார்த்ததில்லை, மத பேதம் பார்த்ததில்லை, சில பாடகர்கள் விஷயத்தில் சுருதி பேதமும் பார்த்ததில்லை. இரண்டாயிரத்துகளின் நடுவில் ஒரு நவம்பர் மாதம், சேலையூர்ப் பக்கத்துச் சேர்ந்திசைக் குழு ஒன்றின் மாஸ்டர் என் கடைக்கு வந்தார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் பென்சிலைவிட மெல்லிய ஒரு கோல் எப்போதும் இருக்கும். பாட்டை நடத்துகிற கோல்தான், ஆனால் கடனை வசூலிக்க வந்தவர் மாதிரியே அதை வைத்திருப்பார்.

"டிசம்பர்ல ஒரு ஓரட்டோரியோ பண்றோம். லைவ் ரெக்கார்டிங் வேணும். முடியுமா?" என்றார்.

"தாராளமா பண்ணிடலாம் சார்" என்றேன். ஓரட்டோரியோ என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியாத விஷயத்துக்கு முதலில் சரி சொல்லிவிட்டுப் பிறகு விசாரிப்பது எங்கள் தலைமுறையின் வழக்கம்.

விசாரித்ததில் தெரிந்தது இதுதான். வேடமும் ஆட்டமும் இல்லாத கூத்து அது. வேதாகமக் கதை ஒன்று இருக்கும், ஆனால் யாரும் நடிக்க மாட்டார்கள், எல்லோரும் கையில் புத்தகத்தோடு நின்றபடியே பாடுவார்கள். ஐரோப்பாவில் பரோக் காலம் என்கிறார்களே, நம் சங்கீத மும்மூர்த்திகள் பிறப்பதற்கும் முந்தைய காலம், அப்போது எழுதியது. நடுநடுவே தனிப்பாட்டு, மற்றபடி கூட்டமாகக் கோரஸ். மொத்தம் இரண்டரை மணி நேரம். நம் குழுவில் அறுபது பேர். ரயில்வே குமாஸ்தாக்கள், நர்ஸுகள், ஆசிரியைகள், பம்மலில் தோல் பட்டறை வைத்திருந்த ஒருவர். காசுக்குப் பாடுகிறவர் ஒருவர்கூட இல்லை. நாலைந்து வயலின், ஒரு ஆர்கன்.

ஒத்திகைக்கு ஒரு நாள் வந்து கேட்கச் சொன்னார் மாஸ்டர். போனேன். எதற்குப் போனேன் தெரியுமா? ப்ளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று பார்க்க. சுவரைச் சுற்றிவந்து மூன்று ப்ளக் பாயிண்டைக் கண்டுபிடித்துவிட்டு, வேலை முடிந்தது என்று கிளம்பினேன். உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள். அது என் காதில் விழுந்தது, நான் கேட்கவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

வாசலில் ஒரு அம்மா என்னை நிறுத்தினார். பெயர் வசந்தி. சேலையூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நாற்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் குங்குமம், கையில் ஆங்கிலப் பாட்டுப் புத்தகம். சின்ன வயதில் வர்ணம் வரைக்கும் கர்நாடக சங்கீதம் கற்றவர். காலேஜில் சேர்ந்திசைக்குப் போய் அங்கேயே மனசைப் பறிகொடுத்துவிட்டார். இந்தக் குழுவில் பெண்களின் கீழ்க்குரல் பிரிவில் பாடுகிறார்.

"அண்ணா, நீங்கதானே ரெக்கார்டிங்? எனக்கு ஒரே ஒரு தனிப்பாட்டு இருக்கு, இடைவேளைக்கு முன்னாடி. அதை மட்டும் நல்லா எடுத்துடுங்க."

"எல்லாத்தையும் நல்லாத்தான் எடுப்பேன் டீச்சர்."

"அதுக்கில்லை. ஜனவரி முதல் வாரம் எனக்கு தைராய்டு ஆபரேஷன். குரல் நரம்பு பக்கத்துலயே கட்டி. அதுக்கப்புறம் குரல் இப்படியே இருக்கும்னு சொல்ல முடியாதுன்னுட்டார் டாக்டர். இதுவரைக்கும் என் குரலை யாரும் பதிவு பண்ணினதே இல்லை. இதுதான் முதல் தடவை, கடைசியும் இதுவாவே இருக்கலாம்."

அழவில்லை. தேர்வுத் தேதியைச் சொல்கிற மாதிரி சொன்னார். நான் நெஞ்சில் கை வைத்து, "கவலைப்படாதீங்க டீச்சர், என் மிஷின் ஒரு மூச்சைக்கூட விடாது" என்றேன். வாக்குக் கொடுப்பதில் நான் என்றைக்கும் கஞ்சத்தனம் காட்டியதில்லை.

கச்சேரி நாள் வந்தது. ஒரு பள்ளியின் கலையரங்கம், மாலை நேரம். நான் எல்லா எதிரிகளையும் யோசித்து வைத்திருந்தேன். ரயில் சத்தம், விமானச் சத்தம், வாடகைக்கு எடுத்த இரும்பு மடக்கு நாற்காலிகள், குழந்தைகள், இருமல்காரர்கள், மின்வெட்டு. எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு மாற்று ஏற்பாடு கையில் இருந்தது. ஒன்றே ஒன்று இல்லை. என்னிடம் இருந்த இரண்டு மிஷினில் ஒன்றை அன்றைக்கே பம்மலில் ஒரு கல்யாணத்துக்கு அனுப்பியிருந்தேன். ஒன்று போதும் என்று நினைத்தேன். இரண்டு மிஷின் வைத்திருக்கிறவன் இரண்டையும் ஓடவிட வேண்டும் என்பதை எந்தப் புத்தகத்திலும் எழுதத் தேவையில்லை, அது மூளை உள்ளவனுக்குத் தானே தெரியும்.

ஆரம்பித்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், முதல் கோரஸிலேயே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது எப்படி இருந்தது தெரியுமா? தெருக்குழாயடிச் சண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரிவு ஒரு வரியைச் சொல்லித் தொடங்கும். அது முடிப்பதற்குள் இரண்டாவது பிரிவு அதே வரியை எடுத்துக்கொண்டு குறுக்கே வரும். அப்புறம் மூன்றாவது, நாலாவது. எல்லாருக்கும் ஒரே வரிதான், ஆனால் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. இதில் யாராவது குடத்தைத் தூக்கி அடிக்கப் போகிறார்கள் என்று நினைக்கிறபோது, நாலு பிரிவும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்து நிற்கும். அது எப்படிச் சேர்ந்தது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றும் கேட்டது. ஒவ்வொரு கோரஸுக்கும் முன்னால் அறுபது பேரும் ஒன்றாக மூச்சு இழுக்கிற சத்தம். முதலில் அதைப் பிறகு கம்ப்யூட்டரில் துடைத்துவிடலாம் என்று குறித்து வைத்தேன். நாலாவது தடவை அந்த மூச்சு கேட்டபோது குறிப்பை அடித்துவிட்டேன். டிக்கெட் கவுன்டரிலும் ஆஸ்பத்திரி வார்டிலும் பகலெல்லாம் நின்ற அறுபது பேர் ஒரே கணத்தில் இழுக்கும் மூச்சு அது. அதைத் துடைத்தால் மிச்சம் இருப்பது வெறும் பாட்டுதான்.

இவ்வளவு பெரிய ஞானம் வந்தவன் அடுத்து என்ன செய்தேன் என்று பாருங்கள்.

இடைவேளைக்கு முந்தைய பாட்டு வசந்தி டீச்சருடையது. எழுந்து முன்னால் வந்தார். நீலப் பட்டு. குரலில் நடுக்கம் இல்லை. மெதுவான, துக்கமான பாட்டு. முதல் பாகம் பாடினார். நடுப்பாகம் கொஞ்சம் வேகமாக, வேறு சாயலில் போய் ஓர் இடத்தில் நின்றது. கூட்டம் கைதட்டியது. நான் நிறுத்து பொத்தானை அழுத்தினேன். இடைவேளையில் டேப்பை வீணாக ஓடவிடுவதில்லை என்பது என் நெடுநாள் சிக்கனம். கூட்டம் வெளியே வருவதற்குள் முதல் டீயை நான் குடித்துவிட வேண்டும் என்பது அதைவிட நெடுநாள் கொள்கை. பக்கக் கதவு வழியாக வெளியே போனேன்.

பள்ளி வாசலை ஒட்டி ஒரு டீக்கடை. "இன்னா சார், அதுக்குள்ள இன்டர்வெலா?" என்று கேட்டார் டீ மாஸ்டர்.

"ஆமாம்பா, ஸ்ட்ராங்கா ஒண்ணு போடு."

அவர் போட்டுக்கொண்டிருக்கும்போதே அரங்க ஜன்னல் வழியாக டீச்சரின் குரல் மறுபடி கேட்டது. அதே முதல் பாகம்.

"திருப்பியும் பாடிகினு கீதே சார் அந்தம்மா?"

"ஒன்ஸ் மோர் கேட்டிருப்பாங்க" என்றேன். பத்து வருஷம் மெல்லிசை மேடைகளில் உட்கார்ந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்? ஏற்கெனவே பதிவான பாட்டுதானே, இரண்டாவது தடவை எதற்கு?

டீ மாஸ்டர் வடிகட்டியைக் கையில் பிடித்தபடி நின்றார். "இல்ல சார், மொத தபா நேரா போச்சு. இப்ப வளைச்சு வளைச்சு இழுக்குது. சோக்கா கீது சார்."

"சர்க்கரை கம்மியா இருக்கு" என்றேன் நான்.

பிறகு நிஜமான இடைவேளை வந்தது. நான் உள்ளே போய்ப் புதிய டேப்பைப் போட்டேன். மீதி நிகழ்ச்சி அமோகமாக முடிந்தது. டீச்சர் என்னிடம் வந்து, "வந்துதா அண்ணா?" என்று கேட்டார். முகமெல்லாம் சிவந்திருந்தது. "சூப்பரா வந்திருக்கு டீச்சர்" என்றேன். பொய் சொல்கிறோம் என்பதே தெரியாமல் சொன்ன பொய்.

நாலு நாள் கழித்து மாஸ்டர் போன் செய்தார். சி.டி. உறைக்காக ஒவ்வொரு பாட்டின் நேரத்தையும் அனுப்பியிருந்தேன்.

"வசந்தியோட பாட்டு பத்து நிமிஷத்துக்கு மேல வரணுமே. ஆறு நிமிஷம்னு போட்டிருக்கீங்க?"

"ஒன்ஸ் மோரைச் சேர்க்கலை சார்."

"ஒன்ஸ் மோரா? அது பாட்டோட அமைப்பு சார். முதல் பாகம், நடுப்பாகம், திரும்ப முதல் பாகம். அந்தக் காலத்துல அப்படித்தான் எழுதுவாங்க. ரெண்டாவது தடவைக்குத் தனியா நோட்டுகூட எழுத மாட்டாங்க, 'முதல்லேருந்து'ன்னு போட்டு விட்டுடுவாங்க. ஜனங்கதான் தெரியாம நடுவுல கைதட்டிடுச்சு. அது இருக்கில்ல?"

மாட்டிக்கொண்டேன் என்று புரிந்தது. ஆனால் அவர் சொன்னதிலேயே வழியும் இருந்தது. எழுதக்கூட மாட்டார்கள், முதலில் இருந்து, அதே பாட்டு. "இருக்கு சார், சேர்த்துடறேன்" என்றேன்.

முதல் பாகத்தை அப்படியே நகல் எடுத்து, நடுப்பாகத்துக்குப் பின்னால் ஒட்டினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான ஒட்டு போட்டதில்லை. கைதட்டலையும் மழுப்பிவிட்டேன். எத்தனை தடவை கேட்டாலும் தையல் தெரியாது. நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். ஆயிரம் கச்சேரி பதிவு செய்தவன் நான். அனுபல்லவி முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது எந்தப் பாடகராவது முதலில் பாடியதை அச்சு அசலாகத் திரும்பப் பாடி நான் பார்த்திருக்கிறேனா? ஒரு வளைவு, ஒரு சங்கதி போடாமல் எவராவது திரும்பி வந்திருக்கிறார்களா? தெரிந்த விஷயம்தான். ஆனால் வெள்ளைக்காரன் பாட்டுக்கு அது பொருந்தும் என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் டீச்சர் கேட்டுவிட வேண்டும் என்பதற்காக விழுந்தடித்து சி.டி.யை முடித்துக் கொடுத்தேன். அறுபது பேரும் பாராட்டினார்கள். யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. காரணம் எளிது. குழுப் போட்டோவில் எல்லாரும் அவரவர் முகத்தைத்தானே தேடுவார்கள்? மேல்குரல் பெண்கள் மேல்குரலைக் கேட்டார்கள். வயலின்காரர்கள் வயலினைக் கேட்டார்கள். மாஸ்டர் கோரஸ்களை மட்டும் கேட்டுவிட்டு, தன் கோலின் மகிமையை நினைத்துப் பூரித்துப்போனார். வசந்தி டீச்சரின் பாட்டைக் கேட்க உலகத்தில் ஒருவர்தான் இருந்தார்.

ஆபரேஷனுக்கு மூன்று நாள் இருக்கும்போது அவர் ஸ்கூட்டியில் என் கடைக்கு வந்தார். உட்கார்ந்தார். ஒரு கிராஃப் தாளை எடுத்து மேஜைமேல் விரித்தார். பென்சிலில் புள்ளிகள் வைத்து, ஏறி இறங்கும் கோடுகளாக இணைத்திருந்தார்.

"இது என்னன்னு தெரியுதா அண்ணா? என் பாட்டுக்கு நான் போட்ட சங்கதி. அந்தக் காலத்துல முதல் பாகம் திரும்ப வரும்போது, பாடறவங்க சொந்தமா நகாசு பண்ணிப் பாடியே ஆகணும்னு படிச்சேன். அதுக்காகத்தான் அப்படி எழுதறதே. மூணு மாசம் உக்காந்து இதைப் போட்டேன். ஆனா மாஸ்டர் ஒத்துக்கலை. 'எழுதினதைப் பாடு, இங்கே கச்சேரி பண்ணாதே'ன்னுட்டார். சரின்னு ஒத்திகையெல்லாம் நேராவே பாடினேன். மேடையில போட்டுடலாம், அப்புறம் திட்டினா திட்டட்டும்னு இருந்தேன்."

என் காதில் டீ மாஸ்டரின் குரல் கேட்டது.

"போட்டேன்னுதான் அண்ணா நினைச்சேன். நல்லா ஞாபகம் இருக்கு, கண்ணை மூடிக்கிட்டு பாடினேன். ஆனா சி.டி.ல ஒண்ணுமே இல்லை. நேரா பாடியிருக்கேன், முதல் தடவை மாதிரியே, ஒரு பிசிறுகூட மாறாம. பதினோரு தடவை கேட்டுட்டேன்."

"மாஸ்டரைக் கேட்டீங்களா?"

"எப்படிக் கேக்கறது? நான் போட்டிருந்தா அவர் அன்னிக்கே என்னை உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பார். ஒண்ணும் சொல்லலை. கூடப் பாடினவங்களும் 'நல்லா இருந்துது'ன்னு மட்டும்தான் சொன்னாங்க. அப்போ நான் பாடலைன்னுதானே அர்த்தம்?" கிராஃப் தாளை மடித்தார். "பயந்துட்டேன் போல. மனசுக்குள்ள பாடிட்டு, வாயில பழசையே பாடிட்டேன். இருந்திருந்து கிடைச்ச ஒரு சான்ஸு, அதுலயும் துணிச்சல் வரலை பாருங்க."

இப்போது உங்களைக் கேட்கிறேன். நீங்கள் என்ன செய்வீர்கள்? எனக்கு அவரே ஒரு சாக்கைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டார். அதை எடுத்துக்கொண்டேன். "மேடையில அப்படி ஆகறது சகஜம் டீச்சர். பெரிய பெரிய வித்வானுக்கே ஆகும்" என்றேன். இப்படி ஒரு அயோக்கியத்தனத்தை ஆறுதல் சொல்கிற குரலில் சொல்ல முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"அப்படித்தான் இருக்கும்" என்று எழுந்து போனார்.

தொழிலில் நாம் செய்யும் தப்புகள் இரண்டு வகை. ஒன்று, நடந்ததைப் பதிவு செய்யாமல் விடுவது. எல்லாருக்கும் நேர்வது அது, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகலாம். நான் செய்தது இரண்டாவது வகை. நடக்காததை நடந்ததாகப் பதிவில் வைத்துவிட்டேன். தன் ஞாபகத்தைவிட என் சி.டி.யை அவர் நம்பினார். மிஷின் பொய் சொல்லாது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அந்த நம்பிக்கையில்தான் நமக்குச் சோறு. அந்த நம்பிக்கையை வைத்தே, ஒரு மனுஷி தன் வாழ்க்கையில் துணிந்து செய்த ஒரு காரியத்தைச் செய்யவே இல்லை என்று அவரை நம்பவைத்துவிட்டேன். அந்த நினைப்போடு மூன்று நாளில் அவர் ஆபரேஷனுக்குப் படுக்கப் போகிறார்.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். ஸ்கூட்டி கிளம்பி இருபது அடி போயிருந்தது. "டீச்சர்! டீச்சர்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். நிறுத்தினார்.

"நீங்க பாடினீங்க டீச்சர்."

"என்னது?"

"பாடினீங்க. வளைச்சு வளைச்சுப் பாடினீங்க. நான்தான் எடுக்கலை. பாட்டு முடிஞ்சுதுன்னு நினைச்சு மிஷினை நிறுத்திட்டேன். சி.டி.ல இருக்கறது முதல் பாகத்தோட நகல். நான்தான் ஒட்டினேன்."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். அதாலேயே என் தலையில் ஒன்று வைக்கப் போகிறார் என்று நினைத்தேன், வைத்திருந்தால் நியாயம்தான். ஆனால் அவர் கேட்டது, "அப்போ நான் பாடினேன்?"

"பாடினீங்க."

"நிஜமா? நீங்க கேட்டீங்களா?"

"நான் சரியா கேக்கலை டீச்சர். டீக்கடைக்காரர் கேட்டார். சோக்கா இருக்குன்னார்."

நடுத்தெருவில் ஸ்கூட்டிமேல் உட்கார்ந்தபடி அந்த அம்மா சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நான் பாடினேன், நான் பாடினேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரு நிமிஷம் போன பிறகுதான் மீதி விஷயம் அவருக்கு உறைத்தது.

"டீக்கடையா? நான் பாடும்போது நீங்க டீ குடிக்கப் போனீங்களா?"

அதற்குப் பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுதுவதற்கில்லை. இருபது வருஷம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியவரின் வாய் அது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் வெளியே வந்து நின்று முழுவதையும் கேட்டார். எல்லாம் முடிந்ததும் டீச்சர் சொன்னார்: "அந்த நகலை எடுத்துடுங்க. அது என் குரல்தான், ஆனா நான் பாடினது இல்லை."

"எடுத்துடறேன் டீச்சர். பாட்டை நடுப்பாகத்தோட முடிச்சுடறேன்."

"முடிக்கக் கூடாது. அது பாட்டோட பாதி. அந்த இடத்தை வெறுமனே விடுங்க. எத்தனை நிமிஷமோ அத்தனை நிமிஷம்."

"வெத்தா ஓடுமே டீச்சர், கேக்கறவங்க சி.டி. பழுதுன்னு நினைப்பாங்களே."

"என் சி.டி.தானே? நான் நினைக்க மாட்டேன்."

அன்றைக்கே செய்து, மாலையே அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நடுப்பாகம் முடிந்ததும் நாலு நிமிஷத்துக்குச் சற்று மேலாக ஒரு சத்தமும் இல்லாத இடம். அப்படியே மாஸ்டரிடமும் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கோலை மேஜைமேல் வைத்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "அன்னிக்கு வசந்தி சொந்தமா பாட ஆரம்பிச்சதும் எனக்குக் கோபம் வந்துது. ரெண்டு வரியில போயிடுச்சு. கோலை ஆட்டக்கூட மறந்துட்டேன், ஆர்கன்காரர்தான் சமாளிச்சார். ஆபரேஷன் பண்ணிக்கப் போறவங்களைத் திட்டவும் மனசு வரலை, பாராட்டினா நான் சொன்னது தப்புன்னு ஆயிடும். அதான் பேசாம இருந்துட்டேன்" என்றார். அவர் அதை வசந்தி டீச்சரிடமே நேரில் போய்ச் சொன்னார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஊரில் நான் ஒருவன்தான் மடையன் என்று நினைத்திருந்தேன், துணைக்கு ஆள் கிடைத்ததில் ஒரு சின்ன ஆறுதல்.

ஆபரேஷன் நடந்தது. கட்டி ஆபத்தில்லாத கட்டி என்றார்கள். குரல் போய்விட்டது. ஒரு மாதம் சைகைதான், அப்புறம் வெறும் காற்று மாதிரி ஒரு கிசுகிசுப்பு. பள்ளியில் மைக் வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறார் என்று சொன்னார்கள். அந்த மைக்கை நான்தான் கொடுத்தனுப்பினேன். நேரில் போக முகம் இல்லை.

கோடை விடுமுறையில் ஒரு நாள் காலை போன் வந்தது. யாரோ ஆண்பிள்ளை என்று நினைத்தேன். தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு குரல்.

"அண்ணா, வசந்தி. மிஷினை எடுத்துக்கிட்டு வாங்க."

போனேன். இந்தத் தடவை இரண்டு மிஷினையும் எடுத்துக்கொண்டு போனேன். கூடத்தில் சி.டி. பிளேயரைத் தயாராக வைத்திருந்தார். கழுத்தில் தழும்பு. கையில் கிராஃப் தாள் இல்லை. "அதுல இருந்த மேல் நோட்டு எதுவும் இப்ப வராது. வேற போட்டிருக்கேன், எல்லாம் கீழ போறது" என்றார். மின்விசிறியை நிறுத்தினேன், மைக்கை வைத்தேன், இரண்டு மிஷினையும் ஓடவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

சி.டி.யைப் போட்டார். டிசம்பரில் பாடிய அவருடைய குரல் முதல் பாகத்தைப் பாடியது. நடுப்பாகம் வந்தது, நின்றது. வெற்றிடம் ஆரம்பித்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு இழுத்தார். பாடினார்.

அழகான குரல் என்று நான் சொல்ல மாட்டேன். பல இடங்களில் உடைந்தது. ஓர் இடத்தில் காற்று மட்டும் வந்தது. ஆனால் உடைந்த இடத்திலேயே நின்று, அங்கிருந்து கீழே ஒரு படி தேடி, அதில் காலை வைத்து இறங்கினார். ஒவ்வொரு வரியும் முதல் தடவை போன பக்கம் போகாமல் வேறு பக்கம் திரும்பியது. இந்தத் தடவை நான் கேட்டேன். மீட்டரைப் பார்க்கவில்லை, ஹெட்போனைச் சரிசெய்யவில்லை, கேட்டேன். நாலு நிமிஷம் எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் தெரிந்தது.

முடித்தார். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். வெளியே யாரோ கீரை விற்றுக்கொண்டு போனார்கள். நான் அசையவில்லை. டம்ளரை வைத்துவிட்டு வந்து என்னைப் பார்த்தார்.

"நடுவுல ரெண்டு இடம் சரியா வரலை. நிறுத்திட்டீங்களா?"

"இல்ல டீச்சர், ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

"அப்போ இன்னொரு தடவை பாடறேன்."

பாடினார். அதற்கடுத்தும் ஒரு தடவை பாடினார். டேப் தீர்கிற வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை.